ஃபிக்ரி மாமாவுக்கு, மாத்திரை விஷயமாக

ஷுப்ரா, கெய்ரோ
செவ்வாய்க்கிழமை மாலை

என் பெருமதிப்பிற்குரிய ஃபிக்ரி மாமா அவர்களுக்கு,

தங்கள் கைகளை முத்தமிட்டு மருமகன் ஷௌக்கி எழுதிக்கொள்வது. தங்களுக்கும் மாமிக்கும் இறைவன் பூரண சுகத்தையும் நீண்ட ஆயுளையும் தரட்டும். மாமியின் முழங்கால் எப்படி இருக்கிறது? அலெக்சாண்ட்ரியாவின் கடல்காற்று இந்த மாதத்தில் முழங்காலுக்கு ஆகாது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறாள். மொட்டைமாடியில் தாங்கள் வளர்க்கும் புறாக்கள் நலமா? இங்கே அம்மா, நான், நிஹால் மூவரும் இறைவன் கருணையால் நலம். அதாவது உடம்பளவில் நலம். மற்றதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தொலைபேசியில் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். தங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் நான் கத்தியாக வேண்டும், நான் கத்தினால் எங்கள் கட்டிடத்தின் ஐந்து மாடிக்கும் கேட்கும், எல்லாருக்கும் முன்னால் இரண்டாம் மாடியில் இருக்கும் அம்மாவுக்குக் கேட்கும். நாங்கள் நான்காம் மாடியில் இருந்து என்ன பயன், அம்மாவின் காது ஐந்தாம் மாடி வரை வேலை செய்கிறது. ஆகவே கடிதம். படித்ததும் கிழித்துவிடுங்கள். மாமியிடம் மூச்சு விட வேண்டாம். மாமியிடம் போனால் மெர்வத் அக்காவிடம் போகும், அக்காவிடம் போனால் வானொலியில் வாசித்த மாதிரிதான்.

விஷயத்துக்கு வருகிறேன். நிச்சயதார்த்தம் முடிந்து இரண்டாவது வாரம், நானும் நிஹாலும் நைல் கரையில் ஒரு பொட்டலம் துர்முஸ் கொட்டையை உப்பு போட்டுத் தின்றுகொண்டு நடந்தபோது, அவள் தோலைத் துப்பிவிட்டு, ஒரு நிபந்தனை என்றாள். தங்களுக்குத் தெரியும், அவள் பழைய கட்டிடங்களைச் சீர்படுத்தும் வேலையில் இருக்கிறாள். ஆறு வருடம் தற்காலிகமாகச் சுவருக்குச் சுண்ணாம்பு சுரண்டிய பிறகு, பழைய நகரத்தில் ஒரு பள்ளிவாசலின் மரக்கூரையைச் சுத்தம் செய்யும் வேலை இப்போதுதான் அவளுக்குக் கிடைத்திருக்கிறது. அறுநூறு வருடத்துப் புகையும் கரியும் படிந்த கூரை. சாரத்தின் மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு, காது குடையும் பஞ்சால், விரல் அகலம் விரல் அகலமாகத் துடைக்க வேண்டுமாம். இரண்டு வருட வேலை. அவர்கள் அதற்குப் பயன்படுத்தும் திராவகத்தின் வாடை கர்ப்பிணிகளுக்கு ஆகாது என்பதால், வயிற்றில் ஒன்று வந்துவிட்டது என்றால் அன்றே சாரத்தைவிட்டு இறங்கிவிட வேண்டும், இடம் வேறொருத்திக்குப் போய்விடும். ஆகவே இரண்டு வருடத்துக்குக் குழந்தை வேண்டாம் என்றாள். நான் நெஞ்சை நிமிர்த்தி, இரண்டு என்ன, நான்கு வருடம் ஆனாலும் சரி என்றேன். அவள் அடுத்த கொட்டையின் தோலை உரித்துக்கொண்டே, "அத்தைகிட்ட யார் சொல்றது?" என்று கேட்டாள். "நான் சொல்றேன்" என்றேன். மாமா, என் வாழ்க்கையின் துன்பம் எல்லாம் இந்த இரண்டு சொல்லிலிருந்து தொடங்கியது.

கல்யாணத்துக்கு முன் இருவரும் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். அவர் மேசைமேல் ஒரு பலகையை வைத்து, மாத்திரை, ஊசி, கருத்தடை வளையம், ஆணுறை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி விளக்கினார். முதல் குழந்தைக்கு முன் மாத்திரை சாப்பிட்டால் கருப்பை காய்ந்துபோகும் என்கிறார்களே என்று நான் கேட்டேன். டாக்டர் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். பள்ளியில் உயிரியல் ஆசிரியர் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மீதியை நிஹாலிடம் மட்டுமே பேசினார். கடைசியில் எது வேண்டும், இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள் என்றபோது, நிஹால் என்னைப் பார்த்தாள், நான் சுவரில் இருந்த காசநோய்த் தடுப்பு விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து பேசிக்கொள்வோம் என்று கிளம்பிவிட்டோம். வீட்டுக்கு வந்தும் நான் பேசவில்லை.

கல்யாணமான முதல் மாதம் கூச்சத்தில் எதையும் வாங்காமல் நாள்கணக்கை நம்பி ஓட்டினோம். கூடாத நாட்களை நிஹால் சமையலறை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்தாள், வரிசையாக எட்டு வட்டம். அம்மாவிடம் எங்கள் வீட்டுச் சாவி ஒன்று இருக்கிறது. அம்மா வந்தாள், வட்டங்களைப் பார்த்தாள், மருமகள் உபரி நோன்பு பிடிக்கப் போகிறாள் என்று அவளாகவே முடிவு செய்து, கண் கலங்கி, கீழே இறங்கும்போது ஒவ்வொரு மாடியிலும் நின்று அந்தப் பெருமையைச் சொல்லிக்கொண்டே போனாள். மறுநாள் சூரியன் மறைகிற நேரத்துக்கு மூன்றாம் மாடி உம்மு ஹானி பருப்பு சூப் அனுப்பினாள். அடுத்த நாள் ஐந்தாம் மாடியிலிருந்து கத்தரிக்காய் வந்தது. மூன்றாம் நாள் பகல் பதினொரு மணிக்கு நான் பால்கனியில் நின்று ஃபலாஃபல் தின்பதை எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, மனைவி நோன்பில் இருக்கிறாள், இவன் மெல்லுகிறான் பார் என்று தலையை ஆட்டினார். வேறு வழியில்லாமல் மீதி நாளெல்லாம் இருவருமே நோன்பு பிடித்தோம். மாமா, புது மாப்பிள்ளைக்கு ஒரு பட்டினி போதாதா?

அது முடிந்ததும் நிஹால், இது நமக்குச் சரிப்படாது, மருந்துக்கடைக்குப் போய் உறை வாங்கி வாருங்கள் என்றாள். போனேன். மருந்துக்கடைக்காரி என் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னதும் பற்பசை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். அடுத்த தடவை இருமல் மருந்து. அதற்கடுத்த தடவை மறுபடியும் பற்பசை. இப்படி மூன்று வாரம் போயிற்று. நான்காவது தடவை கடையில் யாரும் இல்லை, கல்லாவில் வேறொரு பெண் இருந்தாள், தைரியமாகக் கிட்டே போனேன். "ஷௌக்கி சாரா? என்னைத் தெரியலையா? நான் பஸ்மா. ஹைஸ்கூல் மூணாம் வருஷத்துல உங்ககிட்டதான் உயிரியல் படிச்சேன்" என்றாள். எனக்குக் கால் வேர் விட்டுவிட்டது. என்ன வேண்டும் என்று கேட்டாள். நான் அலமாரியைப் பார்த்தேன், அவளும் அலமாரியைப் பார்த்தாள், பிறகு அவளே எடுத்துக் காகிதப் பையில் போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கத் தொடங்கினாள். வேண்டாம் அம்மா, எனக்குத் தெரியும் என்றேன். "இல்ல சார், கடைசிப் பாடத்தை நீங்க நடத்தவே இல்லையே. வீட்ல படிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டீங்க. நான் படிச்சேன். அதான் சொல்றேன்" என்றாள். ஏழு வருடமாக ஒவ்வொரு வகுப்பிலும் அந்த இனப்பெருக்கப் பாடத்தை வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மரங்களின் இலை வகைக்குப் போய்விடுவது என் வழக்கம், மாமா. நான் மட்டும் இல்லை, எங்கள் பள்ளியில் எல்லாரும் அப்படித்தான்.

இந்தக் கதையைக் கேட்டு நிஹால் அரைமணி நேரம் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, உங்களை நம்பினால் எனக்கு இரட்டைப் பிள்ளைதான் பிறக்கும், நான் மாத்திரையே எடுத்துக்கொள்கிறேன் என்றாள். டாக்டரும் சரி என்று சொல்லி எழுதிக் கொடுத்தார். எனக்கும் நிம்மதி. அந்த நிம்மதி ஒரு சாயங்காலம்கூடத் தங்கவில்லை.

எங்கள் கட்டிடத்துக் கூடை வழக்கம் தாங்கள் அறிந்ததுதான். நிஹால் மருந்துக்கடைக்குச் சொல்லியனுப்பி, நான்காம் மாடிப் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கினாள், கடை ஆள் கீழே வந்து பொட்டலத்தைப் போட்டான், அவள் இழுத்தாள். இரண்டாம் மாடி அருகே வரும்போது கூடை நின்றுவிட்டது. அந்தப் பால்கனியைக் கடக்கும் எந்தக் கூடையையும் அம்மா பிடித்து நிறுத்தித் தக்காளியாக இருந்தால் அமுக்கிப் பார்ப்பாள், மீனாக இருந்தால் செவுளைத் திறந்து பார்ப்பாள். அன்று பொட்டலத்தைத் திறந்து பார்த்தாள். நான் மூன்று மூன்று படியாகத் தாவிக் கீழே ஓடினேன். அம்மா அந்த அட்டையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்னடா, ஷௌக்கி?"

இதுதான் சமயம், சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "சத்து மாத்திரை" என்று வந்தது.

"யாருக்கு?"

"எனக்கு."

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிள்ளை இளைத்துத்தான் போய்விட்டான் என்றாள். உனக்கு ஞாபகமறதி, சத்து மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிட வேண்டும், நானே தருகிறேன் என்று சொல்லி அட்டையைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். நிஹால் மறுநாளே வேலையிலிருந்து வரும் வழியில் வேறு அட்டை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டுவிட்டாள், அவள் பாடு முடிந்தது. நான்தான் தினமும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் கீழே போய் அம்மா முன்னால் நின்று ஒரு மாத்திரை, ஒரு தம்ளர் தண்ணீர். முதல் இரண்டு நாள் கன்னத்தில் அடக்கி வைத்துப் படிக்கட்டில் துப்பினேன். மூன்றாம் நாள் அம்மா வாயைத் திறக்கச் சொன்னாள். அதோடு மீதி அத்தனை நாளும் விழுங்கினேன், மாமா. பயந்துபோய்ப் பஸ்மாவிடம் ஓடி, ஓர் ஆண்பிள்ளை தெரியாமல் விழுங்கிவிட்டால் என்ன ஆகும் என்று, வேறு யாரோ ஒருவருக்காகக் கேட்கிற மாதிரி கேட்டேன். "ஒண்ணும் ஆகாது சார், மேல சாப்பிடாம இருந்தாப் போதும்" என்றவள், கொஞ்சம் யோசித்து, "கர்ப்பமும் ஆகாது" என்றாள்.

இதுவரை எழுதியதைப் படித்தால் தங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கும் எழுதும்போது வந்தது. இனிமேல் எழுதப்போவதற்கு வரவில்லை.

கல்யாணமாகி நான்கு மாதம் ஆனதும் கட்டிடமே கேட்கத் தொடங்கிவிட்டது, வழியில் ஏதாவது வருகிறதா என்று. உம்மு ஹானி படிக்கட்டில் நிஹாலின் இடுப்பைப் பார்த்துப் பேசுகிறாள், முகத்தைப் பார்ப்பதில்லை. அம்மா என்னென்னவோ மூலிகை வாங்கி ஊறவைத்து, பழுப்பு நிறத்தில் ஒரு தண்ணீரைத் தினமும் பெரிய தம்ளரில் கொடுக்கிறாள். அது பெண்கள் மருந்து, ஆண்வாடை படக் கூடாது என்று என்னைக் கிட்டேகூட விடுவதில்லை. நிஹால் முகத்தைச் சுளித்துக்கொண்டு கடைசிச் சொட்டு வரை குடிக்கிறாள். செவ்வாய்க்கிழமை தோறும் மத்தியானத்துக்கு மேல் அம்மா அவளை எங்கேயோ ஒரு வைத்தியக்காரியிடம் அழைத்துப் போகிறாள். அங்கே என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் இருவரும் பதில் சொல்வதில்லை. திரும்பி வரும்போது அம்மாவுக்குக் கழுத்து வலி, நிஹாலுக்குக் கண் சிவந்திருக்கிறது. இதோ, இந்தக் கடிதம் எழுதும்போதும் அங்கேதான் போயிருக்கிறார்கள்.

போன மாதம் மெர்வத் அக்கா வந்திருந்தாள். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா திடீரென்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள். "நேராவே கேக்கறேன் ஷௌக்கி. குறை இவகிட்டயா?"

நிஹால் என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு வாக்கியம், மாமா. குறை யாரிடமும் இல்லை அம்மா, நாங்கள் இருவரும் சேர்ந்து முடிவு செய்தோம், அவ்வளவுதான். என் தொண்டை வரை வந்தது. நான் உப்பு எங்கே என்று கேட்டேன்.

உப்பு என் முன்னால்தான் இருந்தது. நிஹால் அதை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அன்று வீட்டுக்கு வந்து அவள் சண்டை போட்டிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அவளோ நகக்கண்ணில் இருந்த கரியைத் தேய்த்துக் கழுவிவிட்டு, இன்று கூரையில் ஒரு கையகலம் திறந்தோம், அடியில் நீலம் இருக்கிறது, தங்கமும் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது, மாமா. அந்தக் கசப்புத் தண்ணீரை அவள் என் பொருட்டுத்தான் குடிக்கிறாள். மலடி என்ற பேச்சையும் என் பொருட்டுத்தான் கேட்டுக்கொண்டு படியேறுகிறாள்.

ஆகவே என் பணிவான வேண்டுகோள். அம்மா இந்த உலகத்தில் தங்கள் பேச்சு ஒன்றுக்குத்தான் கட்டுப்படுவாள். தாங்கள் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் இரண்டு வருடம் பொறுத்துக் குழந்தை பெற்றுக்கொள்கிறார்கள், அது தப்பில்லை என்று பத்திரிகையில் படித்ததாக எழுதுங்கள். மாத்திரையால் கெடுதல் இல்லை என்று ஒரு பெரிய டாக்டர் தங்களிடம் சொன்னதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். நிஹால் நல்ல பெண் என்று ஒரு வரி. என் பெயர் எங்கேயும் வர வேண்டாம். தங்களுக்கு இதிலெல்லாம் பழக்கமில்லை என்பது எனக்குத் தெரியும், தங்களைப் போன்ற ஒரு பெரியவரை இந்த மாதிரி விஷயத்தில் இழுப்பதற்கு மன்னியுங்கள்.

நாளைக் காலை வேலைக்குப் போகும் வழியில் தபாலில் சேர்க்கச் சொல்லி இதை நிஹாலிடம் கொடுக்கப்போகிறேன். மாமியின் முழங்காலுக்கு ஒரு தைலத்தின் பெயர் எழுதியிருப்பதாகச் சொல்வேன். தங்கள் பதிலைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருப்பேன். இறைவன் தங்கள் நிழலை எங்கள் தலைமேல் நீட்டி வைக்கட்டும். மாமிக்கு என் ஸலாம். புறாக்களுக்கும்.

தங்கள் அன்பு மருமகன்,
ஷௌக்கி

பி.கு. ஃபிக்ரி அண்ணா, இது உன் தங்கை இன்ஸாஃப் எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே. உன் மருமகன் இந்தக் கடிதத்தை நிஹாலிடம் கொடுத்தான், அவள் நேராக என்னிடம் கொண்டுவந்தாள், இருவரும் கெட்டில் ஆவியில் உறையைப் பிரித்துச் சமையலறையில் உட்கார்ந்து படித்தோம்.

சத்து மாத்திரையாம். மெர்வத் பிறந்து ஏழு வருடம் கழித்துத்தான் இவன் பிறந்தான், ஞாபகம் இருக்கிறதா? என் மாமியார் என்னை ஒவ்வொரு தர்காவாக அழைத்துக்கொண்டு போய் அழுதாள். நீ அலெக்சாண்ட்ரியாவிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிஸ்கட் டப்பாவுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாயே, அந்த அட்டையை எனக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? உனக்கு இதிலெல்லாம் பழக்கமில்லையாம், கேட்டுக்கொள்.

கூடை வந்த அன்று சாயங்காலமே நிஹாலைக் கூப்பிட்டுக் கேட்டேன், அவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள். கொஞ்சம் கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு நம் கதை நினைவுக்கு வந்தது. இவன் மட்டும் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னான், அதனால் நான்கு நாள் மாத்திரையையே கொடுத்தேன். ஐந்தாம் நாளிலிருந்து கொடுத்தது புதினா மிட்டாய். பயத்தில் அதுகூடத் தெரியவில்லை உன் மருமகனுக்கு. அந்தப் பழுப்புத் தண்ணீர் சர்க்கரை போட்ட புளிச்சாறு, அவளுக்கு அது ரொம்பப் பிடிக்கும், முகம் சுளிக்கப் பழக்கத்தான் இரண்டு நாள் ஆயிற்று. வைத்தியக்காரி யாரும் இல்லை. செவ்வாய்க்கிழமை அவள் வேலை செய்யும் பள்ளிவாசலுக்குத்தான் போகிறோம். அண்ணாந்து பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலி, அந்த மருந்து வாடையில் அவளுக்குக் கண் சிவப்பு. அவள் திறந்த அந்த நீலத்தை நான் பார்த்துவிட்டேன் அண்ணா. என் வயிற்றில் பிறந்தவன் இன்னும் ஒரு தடவை போய்ப் பார்க்கவில்லை.

உப்பு கேட்ட அன்றைக்கே நான் இவன் காதைத் திருகியிருப்பேன். இவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் பொறுங்க அத்தை, அவர் சொல்லிடுவார்" என்றாள். கூடை வந்த நாளிலிருந்து, ஏழு மாதமாக இதையே சொல்கிறாள். இன்று கடிதத்தைச் சிரித்துக்கொண்டே படித்தவள், எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று அவன் எழுதிய இடத்தில் வந்து நின்றுவிட்டாள். அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு, எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறார், விலாசம்தான் தப்பு என்றாள்.

உறையை மறுபடி ஒட்டி நானே தபாலில் போடுகிறேன். நீ இதற்குப் பதில் எழுதாதே. தைலத்தின் பெயர்கூட எழுதாதே. அவன் நான்காம் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்கு இறங்கி வரட்டும். நான் கதவைச் சாத்தவில்லை.